சங்கு பொறித்த தவழ்பலகை

“தண்ணீர் போய்விட்டால் படகு என்ன செய்யும்?” என்று முன்னொரு நாள் கண்டற்கழியில் ஒரு குழந்தை கேட்டது.

அக்குழந்தையே வளர்ந்து வெண்சங்க நாட்டின் முடி தாங்கி, எளியோர் வழக்கை இருமுறை கேட்டு ஒருமுறை தீர்க்கும் பெருமானாய் உயர்மாடத்தில் வீற்றிருக்கும் கோ இளந்தத்தர் திருமுன்பு, கழிக்கரைக் கூற்றத்தின் அமைச்சுப் பொறுப்பைத் தாங்கும் அடியேன் ஆதன் பூதி, கரைகாத்த நாச்சியாரின் திருவடியை நினைந்து வணங்கி எழுதும் ஓலை. உயர்மாடத்தின் கிணறுகள் ஊறுக. அதன் அடுப்புகள் அணையாதிருக்க. அதன் வாயிலில் பசியோடு வந்து நின்றவர் எவரும் பசியோடு திரும்பாதிருக்க.

இவ்வோலை வந்து சேரும் வேளையில், கழிக்கரைக் குடிகளுக்குப் படகு வழங்கும் ஆணை தங்கள் முன் முத்திரைக்குக் காத்திருக்கும். அதில் படகின் வடிவத்தைச் சொல்லும் பகுதி அடியேன் எழுதியது. அதை மாற்ற வேண்டியதில்லை. படகுதோறும் நடுப்பலகையில் அரச சங்கைப் பொறிக்க வேண்டும் என்னும் பகுதி கருவூலத்தார் எழுதியது. அதன்மேல் முத்திரை விழுமுன் இதனைப் படித்தருள வேண்டும். கண்டற்பாக்கத்தில் எயினி என்றொரு பெண் இருக்கிறாள். அவள் இனிக் கழிக்குள் சென்றால் உயிரோடு கரை திரும்புவாளா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஐப்பசிப் பெருங்காற்று கண்டற்கழியின் படகுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனதும், தாங்கள் மேல்மலைக் காட்டின் மரத்தை வெட்டிக் கொடுத்து வீட்டுக்கு ஒரு படகு என்று வாக்களித்ததும் நாடறிந்தவை. மரம் அளவானது. ஒரே வடிவில் செய்தால்தான் எல்லா வீட்டுக்கும் வரும். தவறான வடிவில் செய்துவிட்டால் மறுபடி வெட்டக் காட்டில் மரமில்லை. ஆகவே எவ்வடிவம் என்று தேரும் பொறுப்பை அடியேனிடம் தந்தருளினீர்கள். அடியேன் கழிக்கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கி, வந்த படகுகளை அவ்வூர் மக்களின் கையிலேயே கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன்.

முதலில் வந்தது அரச தச்சர் தலைவர் வச்சிரனார் செய்து அனுப்பிய உயர்ந்த மூக்குடைய படகு. கடலில் அதற்கு இணையில்லை. ஆழமற்ற உப்பங்கழியில் அதன் அடிக்கட்டை கண்டல் மரங்களின் வேர்களில் சிக்கியது. உயர்ந்த பக்கங்களைக் காற்றுப் பிடித்துக் கரையோடு ஒதுக்கியது. குறுகிய ஓடைக்குள் புகுந்தபின் திரும்ப இடமின்றி நின்றது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள், “இது மீன் பிடிக்க வந்துச்சா, மாப்பிள்ளை அழைக்க வந்துச்சா?” என்று கேட்டார்கள். “மாப்பிள்ளை எறங்கட்டும், பாப்போம்” என்றாள் ஒருத்தி. படகோட்டி இறங்கினான், இடுப்பளவு சேற்றில் புதைந்தான். வச்சிரனாரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். தம் படைப்பைக் கண்டு பிறர் சிரிக்கையில் தாமும் சிரிக்கத் தெரிந்தவரை அன்று முதல் அடியேன் நேசித்தேன்.

அடுத்து வணிகர் குழுவினர் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒல்லியான ஓடத்தைக் கொண்டுவந்தார்கள். நீர்ப்பாம்பு போல ஓடியது. ஆனால் மீன் பிடிப்பது ஓட்டப் பந்தயம் அன்று. நிற்க வேண்டும், வலை வீச வேண்டும், கனத்த வலையை ஒருபக்கமாகச் சாய்ந்து தூக்க வேண்டும். எயினியின் தமையன் சாத்தன் அதில் ஏறும்போதே, “இதுல தும்மணும்னாலும் தொணைக்கு ஓராள் வேணும்” என்றான். சொன்னபடியே வலையைத் தூக்குகையில் கவிழ்ந்து, வலைக்குள் தானே அகப்பட்டு எழுந்து, “மீனு கெடைக்கல, நான் கெடைச்சிருக்கேன், வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க” என்றான்.

பின்னர் வச்சிரனார், எயினியின் கணவர் காரி நக்கனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, கேட்டுக் கேட்டு ஒரு படகு செய்தார். அதன் அடி தட்டை; ஆகவே கணுக்கால் நனையும் நீரிலும் மிதக்கும், வேரில் சிக்காது, நின்று வலை வீசினாலும் ஆடாது. நீளம் குறைவு, இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை, தள்ளுகோலை மறுபக்கம் ஊன்றித் தள்ளினால் வந்த வழியே போகும். மீனுக்கு நடுவில் ஒரு பள்ளம். ஒரு பெண் தனியாகவே கரையில் இழுத்துச் செல்லக்கூடிய கனம். அதன் குறையையும் மறைக்கமாட்டேன். அதற்கு வேகமில்லை, கழிமுகம் தாண்டினால் அலை அதைத் தேங்காய் நெற்றுப்போல் உருட்டிவிடும். ஆயினும் கழியில் பிழைப்பவர்க்குக் கழிக்கு ஏற்ற படகே வேண்டும். மற்றவர் கண்ணுக்கு அது அழகாய் இருக்கவேண்டும் என்பதில்லை.

அப்படகின் குறுக்கே, கையால் கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பலகை உண்டு. உட்காரும்போது அது இருக்கை. நீர் வற்றிவிட்டால் அதுவே தவழ்பலகை. அதைப் பற்றிச் சற்றே விரித்து எழுத வேண்டும், பொறுத்தருள்க.

கண்டற்கழியில் நீர் இறங்கும்போது சொல்லிக்கொண்டு இறங்குவதில்லை. படகு சேற்றில் அமர்ந்துவிட்டால், காலூன்றி நடப்பவன் புதைவான்; படகிலேயே இருப்பவனுக்கோ நீர் திரும்பும் நேரத்தில் ஆபத்து. சேறு படகின் தட்டையான அடியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, அது விடுவதற்குமுன் நீர் பக்கத்தின் மேலாக உள்ளே புகுந்துவிடும். அதனால் இம்மக்கள் படகை விட்டுவிட்டு, பலகையைச் சேற்றில் இட்டு, ஒரு முழங்காலை அதன்மேல் வைத்து, மறு காலால் பின்னே உந்தி, வழுக்கிக்கொண்டே கரைக்கு வந்துவிடுவார்கள். வந்தவர் பலகையைக் கழுவி ஓடைவாயில் நட்டுவைப்பார். பலகையில்லாமல் சிக்கியவர் குரல் கேட்டால், யாரேனும் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். தவழ்பலகைக்கு உடையவர் என்று ஒருவர் இல்லை. எவர் நட்டது, எவர் எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மரபை முதன்முதல் கண்ட அன்று, நாச்சியார் கோயில் விளக்கைக் கண்டது போலக் கைகூப்பினேன்.

அரசர் தந்த மரத்தில் செய்த படகுகள் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களுக்கு விலையாகிப் போய்விடும் என்பது கருவூலத்தாரின் அச்சம். அது வீண் அச்சமன்று, முன்பு நடந்ததுதான். ஆகவே சங்கைப் பொறிக்கச் சொன்னார்கள். படகின் உடம்பு முழுவதும் நீர் புகாதபடி கருங்கீல் பூசப்படுவதால் செதுக்கியது மறைந்துவிடும். பூச்சில்லாத, இழைத்த மரம் அந்தப் பலகை ஒன்றுதான். அதுவே படகின் நடுவிடமும் ஆகும். வச்சிரனார் அதன் அகலம் நிறையத் தங்கள் வலம்புரிச் சங்கை வரி வரியாகச் செதுக்கினார். ஊரார் அதைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் மனத்திலும் ஐயம் எழவில்லை.

வெள்ளோட்டத்துக்குக் காரி நக்கன் தனியாகச் சென்றார். மடவை மீன் மிகுதியாக விழுந்தது; ஆசையால் நின்றுவிட்டார்; நீர் வற்றியது. பேய்ச்சேறு என்று அவர்கள் சொல்லும் இடத்தில் படகு அமர்ந்தது. கரையிலிருந்தவர் எவரும் அஞ்சவில்லை. அவர்களுக்கு அது வழக்கமானது. அடுத்து நிகழ்ந்த பேச்சைச் சாத்தனின் வாய்மொழியாகக் கேட்டேன். அரச ஓலையில் ஊர்ப்பேச்சு எழுதும் வழக்கமில்லை. எனினும் இறந்தவரின் கடைசிச் சொற்களைச் செம்மைப்படுத்த அடியேனுக்கு உரிமையில்லாததால் அப்படியே எழுதுகிறேன்.

“பலகையக் கழட்டிக்கிட்டு எறங்கி வா நக்கா” என்று சாத்தன் கூவினான்.

“சங்கு இருக்கு மச்சான்.”

“கவுத்துப் போட்டு வா.”

“கவுத்தா சேத்துல தேய்க்கணும். நிமித்துனா முட்டியால மிதிக்கணும். ரெண்டுல எதைச் செய்யச் சொல்ற?”

ஊரில் நக்கனுக்கு ‘ராசா மாமன்’ என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. சாத்தன் அதைச் சொல்லியே சீண்டினான்: “ஏ ராசா மாமா, ஒன் மருமவன் மாடத்துல ஏறி நின்னு பாத்துக்கிட்டா இருக்கான்?”

“பாக்கலேன்னா மிதிச்சிடலாமா? நம்ம புள்ளையோட சங்கு மச்சான். தண்ணி வந்ததும் நானே வந்துர்றேன். கஞ்சிய மூடி வைக்கச் சொல்லு.”

ஊரின் பழைய பலகைகளைப் பெருங்காற்று கொண்டுபோயிருந்தது. சாத்தன் தன் வீட்டுக் கதவுப் படலைப் பிடுங்கிக்கொண்டு போனான். அது பாதி வழியில் முறிந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றால் அவனை இழுத்து மீட்டார்கள். அன்று தென்காற்று கடலைத் தள்ளிக்கொண்டிருந்தது. நீர் மெல்லத் திரும்பவில்லை; சுவர் போல வந்தது. சேறு படகை விடவில்லை. நக்கன் எழுந்து நின்று, இரு கைகளாலும் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்ததைக் கரையில் நின்ற எல்லோரும் கண்டார்கள். நீந்தத் தெரிந்தவர், ஆனால் நீந்துவதற்குக் கை வேண்டுமே. கடைசிவரை சங்கின்மேல் நீர் படவில்லை என்கிறார்கள். அதை அவர்கள் பெருமையாகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னார்கள்.

சடங்குகள் முடிந்தபின் எயினி அடியேன் கூடாரத்துக்கு வந்தாள். பலகையை வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் சுமந்து வந்திருந்தாள். படகும் பலகையும் தப்பின, ஆளில்லாமல் மறுநாள் கண்டல் ஓரத்தில் மிதந்து நின்றன.

“அழுது முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன் சாமி. அதனால தெளிவாக் கேக்கறேன்” என்றாள். “மடவை வர்ற காலம். வீட்டுல ரெண்டும் பொண்ணு. இனி நாந்தான் போவணும். படகு நல்ல படகுதான், கொறை சொல்ல மாட்டேன். நான் சேத்துல சிக்கிக்கிட்டா என்ன செய்யணும்? மிதிச்சு வந்தா அவரு கட்டை வேவாது. மிதிக்காம நின்னா எம் பொண்ணுங்க தெருவுல நிக்கும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

அரசர் கருணையுடையவர், உயிர் காக்க மிதித்தால் மன்னிப்பார் என்று அடியேன் விடையளித்தேன்.

“மன்னிக்கிறது பெரியவங்க கொணம். மிதிக்கிறது யாரு காலு? எங் காலுதானே சாமி” என்றாள்.

நூல்கள் படித்திருக்கிறேன், அறமன்றத்தில் அமர்ந்திருக்கிறேன், அவள் முன் நெறிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சங்கில்லாத பலகையை இட்டால் திருட்டு மரம் என்று படகு பறிக்கப்படும். சங்கை அழித்தால், இலச்சினையைச் சிதைக்கும் கை வெட்டப்படும் என்பது முன்னோர் வகுத்த நெறி. இலச்சினைக்கு உரியவரின் கையே அதை எடுக்கலாம் என்பது அந்நெறியின் பிற்பகுதி. அவள் கேள்விக்கு விடை அடியேனிடம் இல்லை. தங்களிடம் மட்டுமே இருக்கிறது.

அவள் எழுந்து போகுமுன், ‘ராசா மாமன்’ என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். அத்தனை துயரிலும் அவள் உதடு சற்றே கோணியது. “கள்ளு குடிச்சா அதே கதைதான் சாமி. ராசா வூட்டுப் புள்ள எம் பலகையில ஏறிச்சு, சேறு அப்பிக்கிட்டுச் சிரிச்சிச்சும்பாரு. யாரு நம்புவா? கேலி பண்ணிப் பண்ணி அதுவே பேராப் போச்சு.”

பெருமானே, அடியேன் நம்பினேன். அன்று அடியேனும் அங்கிருந்தேன்.

தங்களுக்கு நினைவிருக்குமோ அறியேன். தங்கள் தந்தையார் கழிமுகக் கோயிலுக்குச் சென்ற நாள் அது. அரச மரக்கலம் நீர் வற்றிச் சேற்றில் சாய்ந்து நின்றது. அப்போதுதான் தாங்கள் அக்கேள்வியைக் கேட்டீர்கள். நீர் மறுபடி வரும் என்றார் குரு. நாட்டில் படகுகளுக்குக் குறைவில்லை என்றார் படைத்தலைவர். யாருடைய விடையும் தங்களுக்குப் போதவில்லை. மறுபடியும் மறுபடியும் கேட்டீர்கள். அவ்வேளை ஓர் இளைஞன் ஒரு பலகையின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தான். “இப்பிடிச் செய்யும் புள்ள” என்று சொல்லித் தங்களைத் தூக்கித் தன் முன்னே மண்டியிட வைத்து, சேறு தெறிக்கத் தெறிக்கக் கரைக்குக் கொண்டு சேர்த்தான். தாங்கள் வழிநெடுகச் சிரித்தீர்கள். நாங்களும் ஊராரின் பலகைகளில் கரையேறியபின், நீர் வந்த வேகத்தில் மரக்கலம் புரண்டதைத் தாங்கள் காணவில்லை; உறங்கிவிட்டிருந்தீர்கள். தங்கள் தந்தையார் பரிசளிக்கக் கைக்கடகத்தைக் கழற்றிக்கொண்டு அவனைத் தேடினார். அவன் பலகையைக் கழுவி ஓடைவாயில் நட்டுவிட்டுப் போய்விட்டிருந்தான். பெயரை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

அப்பெயர் காரி நக்கன். தங்கள் முழங்காலைத் தம் பலகையில் ஏற்றியவர், தங்கள் சங்கின்மேல் தம் முழங்காலை வைக்க மறுத்து இறந்தார். அச்சத்தால் செய்தார் என்று நினையாதீர்கள். ‘நம்ம புள்ளை’ என்றுதான் சொன்னார்.

ஆகவே அடியேன் வேண்டுவது இது. படகின் வடிவம் அப்படியே இருக்கட்டும். அதற்காக ஓர் உயிர் ஈடாகிவிட்டது, வீணாகக்கூடாது. சங்கு அடையாளம் வேண்டுமென்றால், கீல் பூசுமுன் ஒரு முனையின் வெளிப்புறத்தில் இரும்பால் சுட்டுப் பதிக்கலாம்; ஆழச் சுட்டால் கீலையும் மீறித் தெரியும் என்று வச்சிரனார் உறுதி சொல்கிறார்; அங்கே எவர் காலும் படாது, கருவூலத்தாரின் அச்சமும் தீரும். தவழ்பலகையில் எவருடைய குறியும் வேண்டாம். யாருக்கும் உரியதாகாமல் இருப்பதால்தான் அது எல்லோரையும் கரை சேர்க்கிறது. மேலும், அரசர் தந்த படகைச் சேற்றில் விட்டுவிட்டு உயிரோடு வருபவர் ஆணையை மீறியவர் அல்லர், காத்தவரே ஆவர் என்று கழிக்கரை ஊர்தோறும் முரசறைந்து சொல்லுமாறு ஆணை பிறக்கட்டும். இம்மக்கள் அதை அரசரின் வாய்ச்சொல்லாகக் கேட்டாலன்றி நம்பமாட்டார்கள். அவர்கள் அன்பு அத்தகையது. அந்த அன்பே அடியேனை உறங்கவிடாமல் செய்கிறது. கொடுங்கோலை வெறுப்பவர் தப்பிப் பிழைக்கிறார்; நல்லரசை நேசிப்பவர் ஒரு பலகைக்காக மூழ்குகிறார் என்றால், நல்லரசு தன் அடையாளத்தை எங்கே வைக்கிறது என்பதில் எத்தனை கவனம் வேண்டும்!

இவ்வோலையோடு அந்தப் பலகையையும் எயினியின் இசைவு பெற்று அனுப்புகிறேன். துணி அவள் சுற்றியது, அவிழ்க்கவில்லை. கூடவே ஓர் உளி இருக்கும். வச்சிரனார் தம் கையால் தீட்டிக் கொடுத்தார். நெடுநேரம் தீட்டிக்கொண்டே இருந்தார். உரியவரின் கையே எடுக்கலாம் என்பது நெறி. அந்தக் கை எது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அறையில் வேறு எவரும் இருக்க வேண்டியதில்லை.

இந்த ஓலையைக் கொண்டு வருவோன் அரசர் கையிலன்றிப் பிறர் கையில் இதைத் தராதிருக்க. கேட்பார்க்கு விடை சொல்லாதிருக்க. திரும்பும் வழியில் தவித்தவர்க்குத் தண்ணீர் தந்து வருக. இதைப் படித்த கண்ணுக்கு நாச்சியார் தெளிவு தருக. படித்தபின் எழும் கைக்கு உறுதி தருக. கழிக்கரைக் கூற்றத்து நண்டு முத்திரை இட்டு, தை வளர்பிறையில், கண்டற்பாக்கத்துக் கரையிலிருந்து அடியேன் ஆதன் பூதி.

*

இவ்வோலையின் படியில், கடைசி இதழின் பின்புறம் அடியேன் எனக்காகவே எழுதி வைத்தது:

ஆணை திருத்தப்பட்டு முத்திரையோடு வந்தது. முரசு அறைந்தாயிற்று. பலகை தனியே வந்தது, அதே வெள்ளைத் துணியில். உடன் மறுமொழி ஓலை எதுவும் இல்லை. கொண்டுவந்தவன், மூடிய கதவைத் தவிர எதையும் கண்டதில்லை என்றான்.

சங்கு இல்லை. அது இருந்த இடத்தைத் தச்சு அறியாத கை ஒன்று செதுக்கியிருக்கிறது. ஒருபுறம் மேடு, ஒருபுறம் பள்ளம், ஓரிடத்தில் உளி வழுக்கிய நீண்ட கீறல். கீறலின் முடிவில் மரத்தில் ஊறிய ஒரு பழுப்புக் கறை. வச்சிரனாரிடம் காட்டி இழைத்து வாங்கலாமா என்று எண்ணினேன்; வேண்டாமென்று விட்டேன்.

விடியுமுன் துறைக்குச் சென்றேன். எயினியின் வீட்டில் இன்னும் எழவில்லை. நீர் இறங்கியிருந்தது. பலகையைச் சேற்றில் இட்டு, ஒருமுறை முழங்கால் வைத்துப் பார்த்தேன். சங்கு போன பள்ளத்தில் முழங்கால் வழுக்காமல் அமர்ந்தது.

கழுவி, அவள் படகின் குறுக்கே பொருத்திவிட்டு வந்தேன்.